வாசகர் கேள்வி பதில்: பஞ்சாங்கத்தில் கைவைத்த இயற்பியலாளர்

கேள்வி: ஐயா, ஜெர்மனியை 16 ஆண்டுகள் ஆண்ட அங்கேலா மெர்க்கல் இயற்பியல் படித்தவர் என்று கேள்விப்பட்டேன். அதுபோல நம்மவர்களில் இயற்பியல் படித்துவிட்டு அரசாங்க வேலையில் இறங்கியவர் யாராவது உண்டா? அப்துல் கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: சரி, கலாமை விட்டுவிடுகிறேன். திருச்சியில் இயற்பியல் படித்தவர்தான், ஆனால் அவர் வாழ்க்கை விமானம், ராக்கெட் என்று வேறு பக்கம் போய்விட்டது. ராஜா ராமண்ணா இருக்கிறார். சென்னை கிறித்துவக் கல்லூரி மாணவர். 1974 பொக்ரான் அணுகுண்டுச் சோதனையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 1990-ல் வி.பி. சிங் ஆட்சியில் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர். பியானோ வாசிப்பதிலும் கெட்டிக்காரர். ஆனால் என்னைக் கேட்டால் நான் சொல்லும் பெயர் மேகநாத் சாகா. நம் மலேசியாவில் படிவம் 6 முடித்தவர்களுக்கே இந்தப் பெயர் தெரியாது. இயற்பியல் நடத்திப் பிழைத்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சாகா பிறந்தது 1893 அக்டோபர் 6, டாக்காவுக்குப் பக்கத்தில் சியோராதலி என்ற கிராமம். இன்றைய வங்காளதேசம். அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. பையன் கடையில் உட்கார்ந்து பொட்டலம் மடித்தால் போதும் என்பது வீட்டின் எண்ணம். கிராமத்தில் ஆரம்பப் பள்ளி மட்டும்தான். அதற்கு மேல் படிக்க ஏழெட்டு மைல் தள்ளிப் போக வேண்டும். அந்த ஊரில் அனந்த குமார் தாஸ் என்ற வைத்தியர் தன் வீட்டில் இடம் கொடுத்தார். நிபந்தனை இரண்டு: சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும், வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணன் சணல் கம்பெனியில் மாதம் 20 ரூபாய் சம்பளம் வாங்கி, அதில் 5 ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினார். தோட்டத்தில் வளர்ந்த நம் தலைமுறைக்கு இந்தக் கதை புதிதல்ல. தோட்டத்து எழுத்தர், அதாவது கிராணி, வீட்டில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு டவுன் பள்ளிக்கு சைக்கிள் மிதித்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களிலேயே இருப்பீர்கள்.

1905-ல் உதவித்தொகையோடு டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். அது வங்கப் பிரிவினை நடந்த ஆண்டு. ஆளுநர் ஃபுல்லர் பள்ளிக்கு வந்தபோது மாணவர்கள் புறக்கணித்தார்கள். சாகாவும் அதில் ஒருவர். பள்ளியை விட்டு நீக்கம், உதவித்தொகையும் போச்சு. வேறு பள்ளியில் சேர்ந்து மேலே வந்தார். 1911-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. வகுப்புத் தோழர் சத்யேந்திரநாத் போஸ், ஆசிரியர்கள் ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும். இப்படி ஒரு வகுப்பறை யாருக்கு வாய்க்கும்! விடுதியிலோ சில மேல்சாதி மாணவர்கள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றார்கள். சாதியை அவர் கடைசிவரை மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அதில் தப்பே கிடையாது என்பது என் கருத்து.

கேள்வி: சார், நான் எஸ்.டி.பி.எம். (படிவம் 6 தேர்வு) மாணவி. நட்சத்திர இயற்பியலில் "சாகா சமன்பாடு" என்று வருகிறது. கணக்குப் போடாமல் விளங்க வைக்க முடியுமா? (புக்கிட் மெர்தாஜாம் வாசகி)

பதில்: பார்த்தாயா தங்கச்சி, கேட்ட வாய்க்குச் சர்க்கரை. மேலே சொன்ன அதே சாகாதான்.

சூரிய ஒளியைப் பட்டகத்தில் விட்டுப் பிரித்தால் வானவில்லுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள். கால்சியம் கோடு இருந்தால் அங்கே கால்சியம் இருக்கிறது, சரி. ருபிடியம், சீசியம் கோடுகள் சூரியனில் தெரியவில்லை. அப்படியானால் அவை அங்கே இல்லையா? நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் கோடுகள் மாறுகின்றனவே, ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளால் ஆனதா? 1920 வரை இதற்கு யாரிடமும் தெளிவான பதில் இல்லை.

சாகா சொன்னது இதுதான்: கோடு இல்லை என்பதால் பொருள் இல்லை என்று ஆகிவிடாது. சூட்டில் அணு ஓர் எலெக்ட்ரானை இழந்துவிட்டால் அதன் கோடுகளே மாறிவிடும். சீசியத்திடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்க 3.9 எலெக்ட்ரான் வோல்ட் போதும். ஹீலியத்துக்கு 24.6 வேண்டும். சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் சீசியமும் ருபிடியமும் அநேகமாக மொத்தமும் எலெக்ட்ரானை இழந்து நிற்கும். நாம் தேடும் கோடு அங்கே எப்படி இருக்கும்?

சூடு மட்டும் அல்ல, அழுத்தமும் கணக்கில் வரும் என்றார். இங்கேதான் அவர் மூளை. ஜார்ஜ் டவுனில் ஒரு டாக்சியைத் தவறவிட்டால் அடுத்தது உடனே கிடைக்கும், பாலேக் பூலாவ் உள்ளே தவறவிட்டால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அதுபோல அடர்த்தியான வாயுவில் எலெக்ட்ரானை இழந்த அணு சட்டென்று இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். வாயு மெலிந்த இடத்தில் பிடிக்க ஆள் இருக்காது. அதனால்தான் சூரியனின் மேல் அடுக்கில், அழுத்தம் குறைந்த இடத்தில், எலெக்ட்ரான் இழந்த கால்சியத்தின் கோடுகள் அவ்வளவு தூக்கலாகத் தெரிகின்றன. சூடு, அழுத்தம், எலெக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல், இந்த மூன்றையும் ஒரே சமன்பாட்டில் கோத்தார். தேர்வில் அதை எழுதும்போது வெப்பநிலையைக் கெல்வினில் போட மறந்துவிடாதே.

அதோடு விடவில்லை. சூரியப் புள்ளிகள் மற்ற இடத்தைவிடக் குளிர்ச்சியானவை, அங்கே தேடினால் ருபிடியம் கோடு கிடைக்கும் என்றார். அமெரிக்காவில் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் தேடினார், கிடைத்தது. 1925-ல் செசிலியா பெய்ன் என்ற இளம்பெண் இதே சமன்பாட்டை வைத்துக் கணக்கிட்டு, நட்சத்திரங்களில் மற்ற எல்லாவற்றையும்விட ஹைட்ரஜனே மிக அதிகம் என்று காட்டினார். பெரியவர்கள் முதலில் அதை நம்பவில்லை. அது தனிக்கதை, இன்னொரு மாதம் கேள்.

இதற்கு முன்பு, 1917-ல், ஒளியின் அழுத்தம் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை சாகா அமெரிக்க ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்தால் போடுகிறோம் என்று பதில் வந்தது. கையில் காசு இல்லை. கட்டுரை நின்றுபோனது. சமன்பாட்டுக் கட்டுரை லண்டனிலிருந்து வந்த ஆய்விதழில் 1920-ல் வெளிவந்தது.

கேள்வி: ஐயா, 2023-ல் சனிப்பெயர்ச்சி ஜனவரி 17 என்று ஒரு ஜோதிடர் சொன்னார், டிசம்பர் 20 என்று கோயிலில் சொன்னார்கள். ஒரே சனி எப்படி இரண்டு முறை பெயரும்? எதை நம்பிப் பரிகாரம் செய்வது? (பிறை வாசகி)

பதில்: பரிகாரம் என் இலாகா இல்லை அம்மா. ஆனால் உங்கள் கேள்விக்கும் சாகாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஜனவரி 17 திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் தேதி, அதாவது வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்திப் போடும் கணக்கு. டிசம்பர் 20 வாக்கியப் பஞ்சாங்கத்தின் தேதி. திருநள்ளாற்றில் வாக்கியம்தான். வாக்கியம் என்பது முன்னோர் மனப்பாடத்துக்காகக் கட்டிவைத்த சூத்திரங்கள். அவற்றைக் கட்டிய காலத்தில் அது பெரிய சாதனை. ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவில்லை. சனி ஒரு ராசியைக் கடக்கச் சுமார் இரண்டரை ஆண்டு எடுத்துக்கொள்ளும் மந்தன். அதன் இடத்தில் சில பாகை பிசகினாலே தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும். சனி ஒரு முறைதான் பெயர்ந்தது, இரண்டு புத்தகங்கள்தான் இரண்டு விதமாகச் சொல்கின்றன.

1952 நவம்பரில் இந்திய அரசு பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் மேகநாத் சாகா. நாடு முழுக்க அப்போது முப்பது விதமான பஞ்சாங்கங்கள் புழக்கத்தில் இருந்தன. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் வானத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். 1955-ல் அறிக்கை வந்தது. நேரு முன்னுரை எழுதினார்.

அவர்கள் கண்டுபிடித்த முக்கியக் குறை இது. நம் பழைய நூல்களில் ஓர் ஆண்டின் நீளம் 365.2588 நாள் என்று இருக்கிறது. பருவங்கள் திரும்பிவரும் உண்மையான ஆண்டு 365.2422 நாள். வித்தியாசம் ஆண்டுக்கு ஏறக்குறைய 24 நிமிடம். "24 நிமிடம்தானே" என்பீர்கள். 60 ஆண்டில் அது ஒரு நாள். 1,400 ஆண்டில் 23 நாள்! ஒரு காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில், அதாவது மார்ச் 21 வாக்கில், வந்த சித்திரை முதல் நாள் நகர்ந்து நகர்ந்து ஏப்ரல் 14-க்கு வந்து நிற்கிறது. உத்தராயணம் தை முதல் நாள் என்கிறோம். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 22 வாக்கிலேயே. யாரும் திருத்தாவிட்டால் மழைக்காலப் பண்டிகை ஒரு நாள் வெயில்காலத்துக்குப் போய்ச் சேரும்.

குழு இரண்டு காரியம் செய்தது. ஒன்று, அரசாங்கக் காரியங்களுக்குப் புது நாள்காட்டி. சக ஆண்டு, முதல் மாதம் சைத்ரம், மார்ச் 22-ல் தொடக்கம், லீப் ஆண்டானால் மார்ச் 21. சைத்ரத்துக்கு 30 நாள், லீப் ஆண்டில் 31. அடுத்த ஐந்து மாதங்களுக்கு 31 நாள், மீதி ஆறுக்கு 30. சைத்ரம் பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய, கி.பி. ஆண்டிலிருந்து 78-ஐக் கழித்தால் சக ஆண்டு. 1957 மார்ச் 22-ல் இது நடப்புக்கு வந்தது. அதைப் பார்க்க சாகா உயிரோடு இல்லை. முந்தின ஆண்டே போய்விட்டார்.

இன்னொன்று பண்டிகை, திதி, நட்சத்திரக் கணக்கு. மத விஷயத்தில் ஒரேயடியாகத் திருப்பினால் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று குழுவுக்குத் தெரியும். அதனால் பழைய நட்சத்திர முறையையே வைத்துக்கொண்டு, அதற்கும் பருவ ஆண்டுக்கும் உள்ள இடைவெளியை, அதுதான் ஜோதிடர்கள் சொல்லும் அயனாம்சம், ஓர் எண்ணில் நிறுத்தினார்கள்: 1956 மார்ச் 21-ல் 23 பாகை 15 கலை. பூமியின் அச்சு தலையாட்டிக்கொண்டே இருப்பதால் அது வளர்ந்துகொண்டே போகிறது, இப்போது 24-ஐத் தாண்டிவிட்டது. குழுவின் செயலாளர் லாகிரி. அந்தப் பெயரை நீங்கள் ஜாதகக் கணினி நிரல்களில் பார்த்திருக்கலாம். "லாகிரி அயனாம்சம்" என்று ஒரு பெட்டியில் டிக் போட்டிருக்கும்.

வேடிக்கையைக் கவனியுங்கள். அரசாங்கம் அரசிதழில் அச்சடிக்கும் சக ஆண்டுத் தேதியை இந்தியாவிலேயே சாதாரண ஆள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடவுள் நம்பிக்கையே இல்லாத ஒரு இயற்பியலாளர் தலைமையில் முடிவான அயனாம்ச எண்ணோ, பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஜாதகம் பார்க்கிறவரின் மடிக்கணினி வரை வந்து உட்கார்ந்திருக்கிறது.

என் சமையலறைச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி ஒன்று தொங்குகிறது. ஒரு கட்டத்துக்குள் ஆங்கிலத் தேதி பெரிதாக, அதற்கடியில் சீனச் சந்திர மாதத் தேதி, ஹிஜ்ரி தேதி, மூலையில் பொடி எழுத்தில் தமிழ்த் தேதியும் நட்சத்திரமும். பந்தய நாளுக்குச் சின்னதாகக் குதிரைத் தலை வேறு. சாகா பார்த்திருந்தால், குதிரை ஒன்றுதான் குறித்த நாளில் சரியாக ஓடுகிறது என்று சிரித்திருப்பார்.

கேள்வி: விஞ்ஞானம் கண்டுபிடித்ததெல்லாம் நம் சித்தர்கள் முன்பே சொன்னதுதானே? இதை ஏன் எழுத மறுக்கிறீர்கள்? (சுங்கை பட்டாணி வாசகர்)

பதில்: சாகாவுக்கும் இதே கேள்வி வந்தது. டாக்காவில் ஒரு வக்கீல் அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி ஆர்வமாக விசாரித்தாராம். இளைஞர் சாகா உற்சாகமாக நட்சத்திரம், அயனியாக்கம் (அணு எலெக்ட்ரானை இழப்பது) என்று விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே வக்கீல், "இதில் என்ன புதுசு, எல்லாம் வேதத்தில் இருக்கிறதே" என்றாராம். எந்த வேதத்தில், எந்த இடத்தில் என்று சாகா கேட்டார். நான் படித்ததில்லை, ஆனால் இருக்கும் என்று பதில்.

சாகா பிறகு பல வருஷம் வேதம், உபநிடதம், புராணம், பழைய ஜோதிட நூல் எல்லாம் தேடிப் படித்தார். அப்படி எதுவும் அகப்படவில்லை என்று வங்காளப் பத்திரிகையில் எழுதினார். பெரிய சண்டையே நடந்தது. அந்தப் படிப்புதான் பின்னால் பஞ்சாங்கக் குழுவில் கைகொடுத்தது. நீங்களும் சித்தர் பாடலில் எந்தப் பாட்டு, எந்த அடி என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.

கேள்வி: தமிழ்ப் புத்தாண்டு தையா, சித்திரையா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். (பாயான் லெப்பாஸ் வாசகர்)

பதில்: ஒரே வார்த்தையில் சொன்னால் பாதிப் பேர் சந்தாவை நிறுத்திவிடுவீர்கள். மேலே எழுதியதைப் படியுங்கள். தை முதல் நாளில் இன்று சூரியன் வடக்கே திரும்பவில்லை, சித்திரை முதல் நாளில் இரவும் பகலும் சமமாக இல்லை. வானத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் சண்டை போடுவதென்றால் தாராளமாகப் போடுங்கள். பொங்கலும் வேண்டும், சித்திரைப் பாயசமும் வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: விஞ்ஞானிகள் அரசியலுக்கு வந்தால் தலையாட்டிப் பொம்மையாகிவிடுவார்கள் என்பது என் அனுபவம். சாகா அமைச்சராகி என்ன கிழித்தார்? (ஜெலுத்தோங் வாசகர்)

பதில்: அவர் அமைச்சராகவே இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் நின்று ஜெயித்து, 1952-ல் நாடாளுமன்றம் போனார். ஆளுங்கட்சியின் அலை அடித்த நேரத்தில், ஒரு பேராசிரியர்.

தலையாட்டவில்லை என்பதற்கு அணுசக்தி விவகாரமே போதும். அணு விஞ்ஞானி ஹோமி பாபா நேருவின் செல்லப்பிள்ளை. அணு ஆராய்ச்சியைத் தனி நிறுவனத்தில், ரகசியமாக நடத்த வேண்டும் என்பது அரசாங்கத்தின் போக்கு. பல்கலைக்கழகங்களில் ஆள் தயாராகாமல், தொழில் அடித்தளம் இல்லாமல், இவ்வளவு மூடி மறைத்துச் செய்வது சரியில்லை என்பது சாகாவின் வாதம். 1954 மே மாதம் மக்களவையில் இதை விவாதத்துக்குக் கொண்டுவந்து நேருவையே பதில் சொல்ல வைத்தார். வாதத்தில் வென்றாரா என்றால் இல்லை, பாபாவின் வழிதான் நிலைத்தது. ஆனால் வெறுங்கையோடு குறை சொன்னவர் அல்ல. கல்கத்தாவில் அவர் தொடங்கிய அணு இயற்பியல் நிறுவனத்தை 1950-ல் ஐரீன் ஜோலியோ கியூரி வந்து திறந்துவைத்தார். இன்று அது அவர் பெயரில் இருக்கிறது.

நான் பெரிதாக நினைப்பது தாமோதர் நதியை. 2017 நவம்பரில் நம் பினாங்குத் தீவில் வெள்ளம் வந்தபோது முட்டி அளவு தண்ணீரில் சோபாவைத் தூக்கி மேசை மேல் வைத்தவர்களுக்கு இது புரியும். வங்காள வெள்ளங்களை சாகா சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். 1920-களில் பிரபுல்ல சந்திர ராயோடு நிவாரண வேலைக்குப் போனார். அரிசி மூட்டை கொடுத்துத் திரும்பியவர்கள் பலர். இவர் திரும்பிவந்து, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு வழியில் போகிறது, ரயில் பாதைக்குப் போட்ட மேடு எங்கே மறிக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார். நதிகளை ஆராய ஒரு ஆய்வுக்கூடம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார். இதையெல்லாம் எழுத 1935-ல் ஒரு மாத இதழையும் தொடங்கினார். 1943-ல் தாமோதர் உடைத்துக்கொண்டு கல்கத்தாவின் ரயில் தொடர்பையே அறுத்தபோதுதான் அரசாங்கம் காதுகொடுத்தது. விசாரணைக் குழுவில் சாகாவும் உறுப்பினர். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தைப் போல அணை, மின்சாரம், பாசனம் எல்லாம் ஒரே கையில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானது. திலையா, கோனார், மைத்தான், பஞ்சேத் என்று நான்கு அணைகள் எழுந்தன. திட்டமிட்டது அதைவிட அதிகம். அரசாங்க வேலை எங்கேயும் அப்படித்தான்.

கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளுக்காகவும் அவையில் ஓயாமல் பேசினார். அவரே அந்த மண்ணில் பிறந்தவர்தானே. 1956 பிப்ரவரி 16, டெல்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பு. வயது 62.

கேள்வி: அவருக்கு நோபல் கிடைத்ததா? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

பதில்: இல்லை. பல முறை பரிந்துரைத்தார்கள், கொடுக்கவில்லை. 1927-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி மட்டும் கிடைத்தது. செசிலியா பெய்னுக்கும் நோபல் கிடையாது.

கேள்வி: ஐயா, வரும் திங்கள் காலை 9.15-க்குப் புது வீட்டுச் சாவி வாங்கப் போகிறோம். திங்கள் ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்று நாள்காட்டியில் இருக்கிறது, அதனால் தாண்டிவிட்டது என்று மாமியார் சொல்கிறார். சரிதானா? (நிபோங் திபால் வாசகி)

பதில்: உங்கள் மாமியாரிடம் என்னைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

ராகு காலம் என்பது சூரிய உதயம் முதல் மறைவு வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. திங்களுக்கு இரண்டாவது பங்கு. காலை 6 மணிக்குச் சூரியன் உதிக்கிறது என்று வைத்துப் போட்டதுதான் 7.30 முதல் 9. நம் பக்கம் 6 மணிக்கு எங்கே உதிக்கிறது? பினாங்கு இருக்கும் தீர்க்கரேகைப்படி நம் கடிகாரம் கிரீனிச்சுக்கு 6 மணி 41 நிமிடம் முன்னால் இருக்க வேண்டும். 1982 தொடக்கத்தில் தீபகற்பம் முழுவதும் சபா, சரவாக்கோடு சேர்த்து 8 மணி நேரத்துக்கு மாற்றினார்கள். ஆக நம் கடிகாரம் சூரியனைவிட ஒன்றேகால் மணிக்கு மேல் முந்தி ஓடுகிறது. உதயம் சுமார் 7.15 என்று வைத்தால் திங்கள் ராகு காலம் 8.45 முதல் 10.15 வரை. உங்கள் 9.15 சரியாக அதற்குள் விழுகிறது.

சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். 10.15 வரை காத்திருந்தால் சாவி கொடுக்கிற அதிகாரி பசியாறப் போய்விடுவார்.